கேம்ஷன் டெக்னாலஜீஸ்

கேம்ஷன் டெக்னாலஜீஸ் என்பது இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்தில் நவி மும்பையிலிருந்து இயங்கும் ஓர் இணைய விளையாட்டு உருவாக்க நிறுவனம் ஆகும். விகாஸ் ஜெய்ஸ்வால் என்பவர் 2010 ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். 2016 ஆம் ஆண்டில் இந்நிறுவனம் வெளியிட்ட லூடோ கிங் என்னும் செல்பேசி விளையாட்டு, இந்தியாவில் உருவான விளையாட்டுகளுள் பத்துக் கோடிப் பதிவிறக்கங்களைக் கடந்த முதல் விளையாட்டாக அறியப்படுகிறது. 2021 ஆம் ஆண்டளவில் அவ்வெண்ணிக்கை ஐம்பது கோடியைத் தாண்டியது.

பெரிய பதிப்பு நிறுவனம் எதற்கும் உட்படாமலும், முதலீட்டு நிதியங்களின் பணத்தைப் பெறாமலும், சொந்த வருவாயைக் கொண்டே இந்நிறுவனம் வளர்ந்தது. இந்த வளர்ச்சிக்கு அடிப்படையாக அமைந்தது புதிய கதையோ புதிய தொழில்நுட்பமோ அன்று. வீட்டுத் திண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்த ஒரு பகடை ஆட்டமே ஆகும். மதுரையிலும் வைகை பாயும் சமவெளி ஊர்களிலும் தாயம் என்னும் பெயரில் ஆடப்படுவது இவ்வாட்டத்தின் உறவே. இணைய விளையாட்டுகளைத் தமிழ்நாட்டில் சட்டத்திற்குள் கொண்டுவந்த முயற்சிகளுக்குத் தூண்டுதலாக இருந்த நீதிமன்ற ஆணையும் மதுரையிலிருந்தே பிறந்தது. அவ்விரு தொடர்புகளும் கீழே தனித்தனியே கூறப்படுகின்றன.

பின்புலம்

இந்தியாவில் கணினி விளையாட்டு உருவாக்கம் 1990களின் பிற்பகுதியில் தொழிலாக உருப்பெற்றது. பெங்களூரில் ராஜேஷ் ராவ் 1997 ஆம் ஆண்டில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் இத்துறையின் முன்னோடி. அந்நிறுவனம் பெரும்பாலும் அயல்நாட்டு நிறுவனங்களின் விளையாட்டுகளுக்குத் தேவையான ஓவியங்களையும் முப்பரிமாண உருவங்களையும் செய்து கொடுத்து வாழ்ந்தது. பின்னர் சுவீடனின் ஸ்டார்பிரீஸ் நிறுவனத்திடமும், 2019 இல் ராக்ஸ்டார் நிறுவனத்திடமும் கைமாறியது. உலகப் புகழ் பெற்ற பல விளையாட்டுகளில் இந்தியக் கலைஞர்களின் உழைப்பு இருந்தும், விளையாட்டின் உரிமை மட்டும் வேறிடத்தில் இருந்தது.

விஷால் கோண்டல் 1999 ஆம் ஆண்டில் மும்பையில் நிறுவிய இந்தியாகேம்ஸ் வேறு வழியில் சென்றது. சிறிய திரை கொண்ட விசைப்பலகைச் செல்பேசிகளுக்கான ஜாவா விளையாட்டுகள் அதன் முதன்மைத் தொழிலாக இருந்தன. அக்காலத்தில் விளையாட்டுகளை விற்ற கடை தொலைபேசிச் சேவை நிறுவனங்களின் கையில் இருந்தது. வாடிக்கையாளர் செலுத்திய தொகையில் பெரும்பங்கை அவையே எடுத்துக்கொண்டன. விளையாட்டை உருவாக்கியவருக்கு எஞ்சியதே கிடைத்தது. இந்தியாகேம்ஸ் நிறுவனத்தில் பின்னர் யூடிவி பெரும்பங்கு வாங்கியது; 2011 இல் அது டிஸ்னியின் வசமானது.

பீகார் மாநிலம் பாட்னாவைச் சேர்ந்த விகாஸ் ஜெய்ஸ்வால் பொறியியல் மாணவராக இருந்தபோதே எக்கி பாய் என்னும் சிறு கணினி விளையாட்டை உருவாக்கியவர். படிப்பு முடிந்ததும் இந்தியாகேம்ஸ் நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். ஒரு சிறு விளையாட்டு எவ்வாறு திட்டமிடப்பட்டு, சோதிக்கப்பட்டு, விற்கப்படுகிறது என்பதை அவர் அங்கே அருகிலிருந்து கண்டார். விற்பனைக் கடை பிறர் கையில் இருக்கும்போது உருவாக்குபவரின் நிலை என்ன என்பதையும் அவர் அங்கேயே அறிந்திருப்பார் எனலாம்.

தொடக்க ஆண்டுகள்

2010 இல் ஜெய்ஸ்வால் தமது சேமிப்பைக் கொண்டு, சிலரே அடங்கிய குழுவுடன் கேம்ஷன் நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் சில ஆண்டுகளில் இந்நிறுவனம் இணைய உலாவியில் ஆடக்கூடிய சிறு விளையாட்டுகளை உருவாக்கியது. பிளாஷ் என்னும் மென்பொருளால் இயங்கிய இவ்வகை விளையாட்டுகள் அப்போது உலகெங்கும் பரவியிருந்தன. பதிவிறக்கம் வேண்டியதில்லை, பக்கத்தைத் திறந்தால் போதும். வருவாய் விளம்பரங்களிலிருந்து வந்தது. ஒரு விளையாட்டு சில வாரங்கள் ஓடும், பின்னர் மறக்கப்படும். அதற்குள் அடுத்தது ஆயத்தமாக வேண்டும். சிறு குழுவொன்று ஓயாமல் உழைத்து, கைக்கும் வாய்க்குமாகப் பிழைக்கும் தொழில் இது.

இத்தொழில் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆப்பிள் நிறுவனம் தன் செல்பேசிகளில் பிளாஷை அனுமதிக்கவே இல்லை. ஆண்ட்ராய்டு பேசிகளுக்கான ஆதரவையும் அடோபி நிறுவனம் 2012 இல் நிறுத்திக்கொண்டது. 2020 ஆம் ஆண்டின் இறுதியில் பிளாஷ் முற்றாகக் கைவிடப்பட்டது. ஆட்டக்காரர்கள் மேசைக் கணினியிலிருந்து செல்பேசிக்கு நகர்ந்தபோது, உலாவி விளையாட்டுகளை நம்பியிருந்த பல சிறு நிறுவனங்கள் மறைந்தன. கேம்ஷன் செல்பேசிச் செயலிகளுக்கு மாறிக்கொண்டது. தொலைபேசிச் சேவை நிறுவனங்களின் பழைய கடைக்கு மாறாக, கூகுள், ஆப்பிள் ஆகியவற்றின் செயலிக் கடைகள் எந்தச் சிறு உருவாக்குநருக்கும் திறந்திருந்தன. விற்பனையில் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டை அவை எடுத்துக்கொண்டாலும், முந்தைய நிலையை நோக்க இது பெரிய மாற்றமே.

லூடோ, பச்சீசி, தாயம்

கேம்ஷன் தேர்ந்தெடுத்த லூடோ, 1896 இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஒரு பலகை ஆட்டம் ஆகும். அதன் மூலம் வட இந்தியாவின் பச்சீசி. சிலுவை வடிவில் தைத்த துணியின்மேல், சோழிகளை உருட்டி விழும் எண்ணுக்கேற்பக் காய்களை நகர்த்துவது பச்சீசியின் முறை. முகலாயப் பேரரசர் அக்பரின் தலைநகராக இருந்த பத்தேபூர் சிக்ரியில், கல் பாவிய முற்றத்திலேயே பச்சீசிக் கட்டம் அமைந்துள்ளதை இன்றும் காணலாம். ஆங்கிலேயர் சோழிக்குப் பதிலாக ஆறு முகப் பகடையை வைத்து, விதிகளைச் சுருக்கி, லூடோ என்று பெயரிட்டனர். அமெரிக்காவில் இதே ஆட்டம் பார்ச்சீசி என்னும் வணிகப் பெயரில் 1870களிலிருந்தே விற்கப்பட்டது. இவ்வாறு கடல் கடந்து சென்ற ஆட்டம், அச்சிட்ட அட்டையாகவும் நெகிழிக் காய்களாகவும் இந்தியக் கடைகளுக்குத் திரும்பி வந்தது.

தமிழ்நாட்டில் இதன் உறவாக விளங்குவது தாயம். மதுரை வட்டாரத்தில் தரையிலோ திண்ணையிலோ சுண்ணாம்புக்கட்டியால் சதுரக் கட்டம் வரைந்து ஆடுவர். காய்களாகக் கூழாங்கல், வளையல் துண்டு, புளியங்கொட்டை என எது கிடைத்தாலும் போதும். உருட்டுவதற்குப் பித்தளையாலோ இரும்பாலோ செய்த இரண்டு தாயக்கட்டைகள் பயன்படுகின்றன. ஒவ்வொரு கட்டையின் நான்கு பக்கங்களிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெற்றுப் பக்கமும் இருக்கும். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காயைக் கட்டத்திற்குள் இறக்க முடியும். குறுக்குக் கோடிட்ட மலைக் கட்டங்களில் இருக்கும் காயை வெட்ட முடியாது. எதிரியின் காய் ஒன்றையேனும் வெட்டியவரே உள்கட்டத்திற்குள் நுழைந்து பழம் எடுக்கலாம் என்பது பரவலான விதி.

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கீழடியில் 2015 முதல் நடைபெற்று வரும் அகழாய்வுகளில் பகடைக் காய்களும், ஆட்டக் காய்களும், சுடுமண் சில்லுகளும் கிடைத்துள்ளன. சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த இவ்விடத்தின் குடியிருப்பு, கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்வதாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அங்கு வாழ்ந்தோர் எவ்விதிப்படி ஆடினர் என்பதை இக்காய்கள் கூறுவதில்லை; அவை இன்றைய தாயத்தின் நேர் முன்னோடி என்று கொள்வது மிகையாகும். வைகைக் கரையில் பகடை உருட்டும் வழக்கம் மிகத் தொன்மையானது என்ற அளவில் ஐயமில்லை.

லூடோவுக்கும் தாயத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கின் வழியாகவும் பார்க்கலாம். லூடோவில் காயை வெளியே கொண்டுவர ஆறு விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு ஆறில் ஒன்று. தாயக்கட்டைகள் இரண்டையும் உருட்டும்போது பதினாறு விளைவுகள் உண்டாகலாம். அவற்றுள் ஒன்றும் வெற்றுப் பக்கமுமாக விழுபவை இரண்டே; ஆகவே தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. பத்து முறை உருட்டியும் லூடோவில் ஆறே விழாமற்போக ஏறத்தாழ 16 விழுக்காடு வாய்ப்பு உள்ளது. தாயத்தில் பத்து முறையும் தாயம் விழாமற்போக 26 விழுக்காடு வாய்ப்பு உள்ளது. காய் இறங்காமல் நெடுநேரம் உட்கார்ந்திருப்பது தாயத்தில் இயல்பு. அதை வைத்துக் கேலி பேசுவதும் ஆட்டத்தின் ஒரு பகுதி. மறுபுறம் தாயத்தில் ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகிய எண்கள் விழுந்தால் மீண்டும் உருட்டலாம். இவ்வாய்ப்பு பதினாறில் ஆறு ஆதலால், ஒருவரே அடுக்கடுக்காக உருட்டி ஆட்டத்தைத் தலைகீழாக்கவும் கூடும்.

லூடோ கிங்

லூடோ கிங் 2016 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வெளியானது. கணினியை எதிர்த்து ஆடுவது, ஒரே பேசியைக் கைமாற்றிக்கொண்டு அருகிலிருப்போருடன் ஆடுவது, இணையத்தில் அறிமுகமற்றவருடன் ஆடுவது, நண்பர்களைத் தனி அறைக்கு அழைத்து ஆடுவது என்னும் முறைகள் இதில் உள்ளன. வழக்கமான நான்கு பேர் பலகையுடன், ஆறு பேர் வரை ஆடத்தக்க பலகையும் சேர்க்கப்பட்டது. பரமபதத்தின் வழித்தோன்றலான பாம்பும் ஏணியும் ஆட்டமும் இதே செயலிக்குள் இடம்பெற்றது.

இவற்றுள் ஒரே பேசியைக் கைமாற்றி ஆடும் முறை எளிய ஏற்பாடாகத் தோன்றினும் இந்தியச் சூழலுக்கு மிகவும் பொருந்தியது. அதற்கு இணைய இணைப்பே தேவையில்லை. தொடர்வண்டிப் பயணத்தில் நால்வர் நடுவே ஒரு பேசி இருந்தால் ஆட்டம் நடக்கும். நால்வரும் தனித்தனிப் பேசி வைத்திருக்க வேண்டும் என்று இச்செயலி எதிர்பார்க்கவில்லை. மூத்தோருக்கு விதி சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. பலகையைப் பார்த்தவுடன் அவர்களுக்குத் தெரிந்தது.

தொழில்நுட்ப நோக்கில் லூடோ சிறு நிறுவனத்திற்கு ஏற்ற ஆட்டம். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் ஒவ்வொரு ஆட்டக்காரரின் இருப்பிடமும் நொடிக்குப் பல முறை சேவைக் கணினிக்குச் செல்ல வேண்டும். சிறு தாமதமும் ஆட்டத்தைக் கெடுக்கும். முறை வைத்து ஆடும் லூடோவிலோ, ஒரு முறைக்குப் பகடையின் எண்ணும் நகர்ந்த காயும் மட்டுமே பரிமாறப்பட்டால் போதும். மெதுவான இணைப்பிலும், விலை குறைந்த பேசியிலும் ஆட்டம் தடைப்படாது. கடினமானது வேறொன்று. இணைப்பு அறுந்தவருக்காக மற்ற மூவர் எவ்வளவு நேரம் காத்திருப்பது, தோற்கும் நிலையில் வேண்டுமென்றே வெளியேறுபவரை எப்படி நடத்துவது என்பன போன்ற சிக்கல்களைத் திண்ணை ஆட்டம் சந்தித்ததில்லை. இணைய ஆட்டத்தில் அவற்றுக்கெல்லாம் நிரலிலேயே விடை எழுத வேண்டும்.

வெளியான காலமும் துணை செய்தது. 2016 செப்டம்பரில் ரிலையன்ஸ் ஜியோ தன் சேவையைத் தொடங்கியபின் இந்தியாவில் இணையத் தரவின் விலை பெருமளவு வீழ்ந்தது. நகரங்களுக்கு வெளியே, முதன்முறையாகத் திறன்பேசி வாங்கியவர்கள் பெருந்தொகையினராக இணையத்திற்கு வந்தனர். அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்த ஓர் ஆட்டம் செயலிக் கடையில் இலவசமாகக் காத்திருந்தது.

2020 ஆம் ஆண்டின் ஊரடங்கு

கொரோனாத் தொற்றை முன்னிட்டு 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மதுரையில் தொற்று கூடியதால் சூன் இறுதியில் மாநகராட்சிப் பகுதியிலும் சுற்றுப்புறங்களிலும் மீண்டும் ஒரு முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. வெவ்வேறு ஊர்களில் அடைபட்டிருந்த உறவினர்கள் ஓர் அறை எண்ணைப் பகிர்ந்துகொண்டு ஒரே பலகையில் ஆடும் வாய்ப்பு, லூடோ கிங்கின் பயன்பாட்டை இதுவரை காணாத அளவுக்கு உயர்த்தியது. நாள்தோறும் ஆடுவோர் ஒன்றரைக் கோடி அளவிலிருந்து ஐந்து கோடியை எட்டியதாக ஜெய்ஸ்வால் அப்போது தெரிவித்தார்.

நூறு பேருக்கும் குறைவான ஒரு நிறுவனத்திற்கு இது வெற்றி மட்டுமன்று, நெருக்கடியும் ஆகும். ஆட்டக்காரர் தொகை சில நாட்களில் மூன்று மடங்கானால், அவர்களை இணைக்கும் சேவைக் கணினிகளையும் அதே வேகத்தில் கூட்ட வேண்டும். இல்லையெனில் ஆட்டம் நடுவிலேயே அறுந்துவிடும்; ஆட்டக்காரர்கள் அடுத்த செயலிக்குச் சென்றுவிடுவர். சேவைக் கணினிகளுக்கான செலவு அன்றன்றே ஏறியது. விளம்பர வருவாயோ அதே வேகத்தில் வரவில்லை, ஏனெனில் ஊரடங்கில் விளம்பரம் செய்யும் நிறுவனங்களும் கடையடைத்திருந்தன. முதலீட்டாளரின் பணம் இல்லாத நிறுவனம் இவ்விடைவெளியைத் தன் கையிருப்பைக் கொண்டே கடக்க வேண்டியிருந்தது. பணியாளர்கள் அனைவரும் வீட்டிலிருந்தே இப்பணியைச் செய்தனர்.

ஆட்டத்தின்போதே ஒருவரோடொருவர் பேசும் வசதி அதே ஆண்டில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பு மக்கள் ஒரு பேசியில் அழைப்பில் இருந்துகொண்டு மற்றொன்றில் ஆடினர். தாயமோ லூடோவோ, காயை வெட்டும்போது எழும் கூச்சலே பாதி ஆட்டம் என்பதை இவ்வசதி ஏற்றுக்கொண்டது எனலாம்.

வருவாய்

லூடோ கிங் இலவசச் செயலி. ஆட்டத்திற்கு இடையில் தோன்றும் விளம்பரங்களும், பலகை அழகுகள், ஆட்ட நாணயங்கள் போன்றவற்றைச் செயலிக்குள் விற்பதும் அதன் வருவாய் வழிகள். அந்நாணயங்களை மீண்டும் பணமாக மாற்ற இயலாது. ஆட்டக்காரரில் மிகப் பெரும்பாலோர் ஒரு காசும் செலவிடுவதில்லை. ஒருவரிடமிருந்து கிடைப்பது மிகச் சிறிது. தொகை பெருகும்போதுதான் அது வருவாயாகிறது. இந்தியாவில் விளம்பரக் கட்டணம் மேல்நாடுகளைவிடக் குறைவு என்பதால், இங்குள்ள சிறு நிறுவனங்களுக்கு இக்கணக்கு எளிதில் ஒத்துவருவதில்லை.

லூடோவின் விதிகள் யாருக்கும் சொந்தமல்ல. பெயர், ஓவியம், நிரல் ஆகியவற்றுக்கு உரிமை கோரலாம். ஆட்டத்திற்குக் கோர முடியாது. எனவே போட்டியும் மிகுந்தது. பெங்களூரின் மூன்ஃபிராக் லேப்ஸ் வெளியிட்ட லூடோ கிளப் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. முதலீட்டாளர்களின் நிதியுடன் வளர்ந்த மூன்ஃபிராக், 2021 இல் சுவீடனின் ஸ்டில்ஃபிரண்ட் குழுமத்திற்கு ஒன்பது கோடி டாலர் அளவில் விற்கப்பட்டது. ஒரே ஆட்டத்தை வெளியிட்ட இரு நிறுவனங்களின் போக்கும் இவ்வாறு வேறுபட்டது.

பணப்பந்தயமும் சட்டமும்

2018 க்குப் பின் இந்தியாவில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுச் செயலிகள் பெருகின. ரம்மியும் போக்கரும் மட்டுமன்றி லூடோவும் பந்தய ஆட்டமாக்கப்பட்டது. ஜூப்பி நிறுவனத்தின் லூடோ சுப்ரீம் இவ்வகையைச் சேர்ந்தது. அதில் ஆட்டம் குறிப்பிட்ட நேரத்தில் முடியும். கூடுதல் புள்ளி பெற்றவர் கட்டிய பணத்திலிருந்து பரிசு பெறுவார். அது திறமை ஆட்டமா, சூதாட்டமா என்னும் வினா 2021 இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஆட்டக்காரர் தொகையில் முன்னணியில் இருந்த கேம்ஷனுக்கு இவ்வழி திறந்தே இருந்தது. ஒரு பயனரிடமிருந்து கிடைக்கும் வருவாயும் இதில் பன்மடங்கு. ஆயினும் லூடோ கிங் பணப்பந்தயம் இல்லாத ஆட்டமாகவே தொடர்ந்தது.

தமிழ்நாட்டில் இவ்விவாதம் தொடங்கிய இடம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆகும். சீட்டாடியதாகப் பதிவான ஒரு சாதாரண வழக்கை 2020 சூலையில் விசாரித்த நீதிபதி பி. புகழேந்தி, தெருவில் பணம் வைத்துச் சீட்டாடுவோர் மீது வழக்குப் பதியப்படும்போது, இணையத்தில் அதே ஆட்டம் விளம்பரத்துடன் நடப்பதைச் சுட்டிக்காட்டினார். வேலையற்ற இளைஞர்கள் இதற்கு இலக்காவதைக் குறிப்பிட்டு, அரசு இதனை ஒழுங்குபடுத்த உரிய சட்டம் இயற்றும் என எதிர்பார்ப்பதாகத் தமது ஆணையில் தெரிவித்தார். பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள் செய்தித்தாள்களில் அடுத்தடுத்து வெளிவந்த காலம் அது.

அதன்பின் நிகழ்ந்தவை நீண்ட வழக்காடல். 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டத்தின் மூலம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. அதன்வழி இயற்றப்பட்ட சட்டத்தை 2021 ஆகஸ்டு 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது. ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என உச்ச நீதிமன்றம் 1967 லேயே கூறியிருந்தமை இதில் முதன்மையான வாதமாக இருந்தது. 2022 இல் முன்னாள் நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைப் பெற்றபின் அரசு மீண்டும் சட்டம் கொண்டுவந்தது. அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டமுன்வடிவை ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். அதே மாதத்தில் சட்டமன்றம் அதனை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் இச்சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்களாகச் சேர்த்த பகுதியை மட்டும் நீக்கியது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண ஆட்டங்களை நிறுத்த வேண்டும் என்னும் விதி 2025 பிப்ரவரியில் வந்தது. அவ்வாண்டு சூனில் நீதிமன்றமும் அதை ஏற்றது.

இறுதியில் 2025 ஆகஸ்டில் நடுவண் அரசு இணைய விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. திறமை ஆட்டமா, வாய்ப்பு ஆட்டமா என்னும் பழைய வினாவை இச்சட்டம் ஒதுக்கிவைத்தது. பணம் கட்டி, பணம் எதிர்பார்த்து ஆடும் இணைய ஆட்டம் எதுவாயினும் அதை நடத்துவது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். மின்விளையாட்டுப் போட்டிகளும், பணமில்லா சமூக விளையாட்டுகளும் அனுமதிக்கப்பட்டன. ஜூப்பி உள்ளிட்ட பல நிறுவனங்கள் சில நாட்களிலேயே பண ஆட்டங்களை நிறுத்தின. லூடோ கிங்கின் ஆட்டமுறையில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை.

எனினும் லூடோ கிங் பணப்பந்தயத்தின் நிழலிலிருந்து முற்றிலும் விலகியிருந்தது என்று கூற முடியாது. வெளியாட்கள் நடத்திய தளங்களும் குழுக்களும் இருவரிடம் பந்தயப் பணம் வாங்கிக்கொண்டு, அவர்களை லூடோ கிங்கில் தனி அறையில் ஆடச் செய்து, வென்ற திரையின் படத்தைச் சான்றாகப் பெற்றுப் பணம் கொடுத்தன. உறவினர்கள் கூடி ஆடுவதற்காக அமைந்த அறை எண்ணே இதற்குக் கருவியாயிற்று. செயலியின் உள்ளே பணம் கைமாறாததால், எந்த அறையில் பந்தயம் நடக்கிறது என்று நிரலால் கண்டறிவது கடினம்.

விமரிசனங்கள்

விளம்பரங்கள் மிகுதி என்பது ஆட்டக்காரர்களின் பொதுவான முறையீடு. மற்றொன்று, பகடை நேர்மையாக விழுவதில்லை என்பது. வேண்டிய எண் வராதபோது கணினியை ஐயுறுவது எளிது. மேலே கூறிய கணக்குப்படி, ஆறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு முதல் பத்து உருட்டலில் ஆறு விழாது. நாளொன்றுக்குக் கோடிக்கணக்கானோர் ஆடும்போது அவ்வாறு ஏமாந்தவர் தொகையும் இலட்சக்கணக்கில் இருக்கும். அவர்களுள் சிலர் எழுதும் குறைகளே செயலிக் கடையில் மேலே நிற்கின்றன. கையால் உருட்டிய கட்டையைப் பழிக்காத மனம், கண்ணுக்குத் தெரியாத நிரலை நம்பத் தயங்குகிறது. நிரல் வெளிப்படையாக இல்லாதவரை இத்தயக்கத்தில் நியாயமும் உண்டு.

ஒரே விளையாட்டைச் சார்ந்திருப்பது இந்நிறுவனத்தின் பெரிய குறை. கேரம் கிங் முதலிய பிற ஆட்டங்களையும் கேம்ஷன் வெளியிட்டுள்ளது. அவற்றுள் எதுவும் லூடோ கிங் பெற்ற இடத்தைப் பெறவில்லை. எல்லோருக்கும் தெரிந்த மரபாட்டங்கள் எண்ணிக்கையில் சிலவே; அவ்வழியில் செல்பவர் விரைவில் அவற்றின் எல்லையை அடைந்துவிடுகிறார்.

தாயத்தைச் செயலியாக்குதல்

தாயத்திற்கும் ஆடுபுலியாட்டத்திற்கும் தமிழ்நாட்டின் சிறு உருவாக்குநர்கள் சிலர் செயலிகள் செய்துள்ளனர். மரபாட்டப் பலகைகளை அச்சிட்டு விற்கும் கிரீடா போன்ற நிறுவனம் சென்னையில் உண்டு. இலந்தைக்குளம், வடபழஞ்சி ஆகிய இடங்களில் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் அமைந்துள்ள மதுரையில் நிரலாளர்களுக்கும் குறைவில்லை. ஆயினும் லூடோ கிங்கை ஒத்த வளர்ச்சியை எந்தத் தாயச் செயலியும் அடையவில்லை. மொழி எல்லை ஒரு காரணம்; தாயம் அறிந்தோரின் தொகை லூடோ அறிந்தோரின் தொகையில் சிறு பகுதியே.

இன்னொரு காரணம் விதிகளில் உள்ளது. லூடோவின் விதிகள் அட்டைப் பெட்டியுடன் அச்சிட்டு விற்கப்பட்டதால் நாடெங்கும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. தாயத்தில் கட்டங்களின் எண்ணிக்கையும், எந்த எண்ணுக்கு மறு உருட்டல் என்பதும், வெட்டாமல் பழம் எடுக்கலாமா என்பதும் ஊருக்கு ஊர், சில வேளைகளில் ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு வேறுபடுகின்றன. திண்ணையில் ஆட்டம் தொடங்குமுன் அவ்வீட்டு விதி எதுவென்று பேசி முடித்துக்கொள்வர். செயலியிலோ அதை ஆடுவோர் அல்லாமல் நிரல் எழுதுபவர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியுள்ளது. மேலூர்க்காரரும் உசிலம்பட்டிக்காரரும் இணையத்தில் ஒரு பலகையில் சந்திக்க வேண்டுமானால், யார் வீட்டு விதி என்பதையும் அவர்களே தேர்ந்துகொள்ள அச்செயலி இடம் தர வேண்டும்.